கேடயத்து யானை

தலைக்கு மேல் என்ன இருக்கிறது, காலுக்குக் கீழ் என்ன இருக்கிறது, முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது. எந்தச் சின்னத்தைக் கண்டாலும் இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் பட்டாளத்தார் மேற்கொண்டு பேசுவார். ஜவுளிக்கடைக்கு எங்களோடு வந்தால், நானும் பள்ளி ஆசிரியரான என் கணவரும் துணியைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அவர் ஆலைத்துணிக் கட்டுகளில் ஒட்டியிருக்கும் வண்ணச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை கடைக்காரர் காதில் விழும்படியாகவே, "இந்தப் புலி வாலைக் கவட்டுக்குள்ள வச்சிருக்கு வாத்தியாரே. இதை நம்பி வேட்டி எடுக்காதீக" என்றார்.

"புலியா பட்டாளத்தாரே தறியில உக்காந்து நெய்யுது?" என்று கடைக்காரர் கேட்டார்.

"நெய்யாட்டிப் போகுது. பயப்படாம நிக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு, மயில் ஒட்டிய கட்டிலிருந்து ஒரு வேட்டியை அவரே எடுத்துக் கொடுத்தார். அது நன்றாகவே உழைத்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மதுரை யானைக்கல்லுக்கு அருகே, வைகைக்கு இறங்கும் சந்து ஒன்றில் எங்கள் வீட்டை அடுத்த வீடு அவருடையது. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். தென்னாட்டவர்களால் ஆன காலாட்படை ஒன்றில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பட்டாளத்தார் என்றே பெயர். நான் மட்டும் அண்ணே என்று கூப்பிடுவேன். அவருடைய மனைவி எனக்கு மதினி. பெண்கள் இருவரையும் கட்டிக்கொடுத்துவிட்டு அந்தச் சிறிய வீட்டில் இருவர் மட்டும் இருந்தார்கள். ஓய்வு பெற்றதும் சொந்த ஊருக்குப் போகாமல் இங்கே குடியேறியது ஏன் என்று மதினியைக் கேட்டேன்.

"அதை ஏன் கேக்குற. எங்கிட்டு வீடு பாத்தாலும் தண்ணி சரியில்ல, காத்து சரியில்லம்பாரு. இங்கன ரோட்டுல கல்லானையைப் பாத்தாரு. அம்புட்டுத்தான், கிணத்துத் தண்ணிகூட இனிச்சிருச்சு" என்றார்.

யானை அவருடைய படையின் சின்னம். உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளை வில்லை ஒன்று அவரிடம் இருந்தது. பணியில் இருந்தபோது தொப்பியின் முகப்பில் அணிந்தது. நடுவில் யானை, மேலே மணிமுடி, கீழே நாடாவைப் போல வளைந்த பட்டையில் ஓர் ஊரின் பெயர். பல தலைமுறைகளுக்கு முன்னர் அந்த ஊரில் நடந்த போரில் அவருடைய படை கலையாமல் நின்றது. அதற்காகக் கிடைத்த யானை அது. நாள்தோறும் காலையில் அதைத் துலக்குவார். மதினி சாமிக்கு வைத்திருக்கும் திருநீற்றில் ஒரு சிட்டிகை அதற்குக் குறைந்துகொண்டே இருக்கும். அந்தப் போரைப் பற்றி ஒருநாள் நான் கேட்டபோது, "அதுல செத்தவன் எவனும் எனக்குச் சொந்தக்காரன் இல்ல தங்கச்சி. பேருகூடத் தெரியாது. ஆனா அவன் சம்பாரிச்ச ஆனையைத்தான் நான் தலையில வச்சிருந்தேன். காடு கரையை எழுதி வைக்கிறமே, அது மாதிரி இது" என்றார்.

யானை எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். தொப்பியில் இருந்தால் அணிந்தவனின் வலப்பக்கம். கொடியில் இருந்தால் கொடிக்கம்பத்தின் பக்கம். கொடியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது கம்பம் முன்னால் போகும், துணி பின்னால் பறக்கும். யானை கம்பத்தைப் பார்த்திருந்தால் எதிரியைப் பார்க்கிறது. மாறிப் பார்த்திருந்தால் ஓடுகிறது. இதை எனக்கு விளக்குவதற்காக மதினியின் ஈரச் சேலையை மூங்கில் கழியோடு சேர்த்து எடுத்துக்கொண்டு சந்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து காட்டினார். சேலை மண்ணில் புரண்டதற்காக மதினி அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

கழுத்துப்பட்டையில் குத்தும் சிறிய யானைகள் இணையாக வரும். வலப்பக்கத்து யானையும் இடப்பக்கத்து யானையும் ஒன்றையொன்று பார்க்கவேண்டும் என்பது முறை. எங்கள் வீட்டுக்குப் புதிதாக நிலைக்கதவு போட்டபோது தச்சர் இரண்டு மர அன்னங்களை இடம் மாற்றி அறைந்துவிட்டார். எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. அவரோ மூன்றாம் வீட்டிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "புருசன் பொஞ்சாதி குடியிருக்குற வீட்டுல ரெண்டும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்குதுக. நான் தினமும் இந்தப் பக்கமாப் போகணும்ல தங்கச்சி" என்றார். கழற்றி மாற்றி அறைந்த பிறகே வீட்டுக்குப் போனார்.

புகைப்படக் கதை ஊரறிந்தது. பேரனுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும் என்று பெரிய மகள் கேட்டதற்காகப் பழைய சீருடையை அணிந்துகொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார். படம் வந்தது, முகம் தெளிவாக, மீசை மிடுக்காக விழுந்திருந்தது. ஆனால் அச்சிடும்போது கண்ணாடித் தகட்டைத் திருப்பி வைத்துவிட்டார்கள் போலும், எல்லாம் இடவலமாக மாறியிருந்தது. படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மேசைமேல் வைத்து, "இது நான் இல்ல" என்றார். ஸ்டூடியோக்காரர் மீசையைக் காட்டினார், மூக்கைக் காட்டினார், கன்னத்துத் தழும்பைக் காட்டினார். "தழும்பு எனக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு. அதுகூடப் போகட்டும். ஆனை முதுகைக் காட்டிக்கிட்டு ஓடுது. அதைப் போட்டுக்கிட்டு நிக்கிறவன் எப்படி நானாவேன்?" என்றார். சரியாக அச்சிட்ட படம் வரும்வரை அங்கிருந்து நகரவில்லை.

சிரித்துக்கொண்டே சொல்லும் இந்தக் கதைகளின் அடியில் ஒரு காயம் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பிற்பாதியில் அரசாங்கம் தென்னாட்டுப் படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்துவந்தது. சிக்கனம் என்பது சொல்லப்பட்ட காரணம். தெற்கத்தியான் சண்டைக்கு ஆகமாட்டான் என்பது சொல்லாமல் எல்லோருக்கும் புரிந்த காரணம். அவர் ஓய்வு பெற்றதே அப்படிக் கலைத்தபோதுதான். கடைசி அணிவகுப்பில் கொடியைச் சுற்றி உறையிலிட்டு எடுத்துவைத்தபோது அருகில் நின்றவர்களில் அவரும் ஒருவர். அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒருமுறைதான் பேசியிருக்கிறார். "எடுத்து வைக்கிறதுக்கு நின்னவன் தங்கச்சி நான். யாரு கையிலயாவது குடுக்கிறதுக்கு ஒருநாள் நிக்கணும். அது நடக்காது. ஆனா நிக்கணும்" என்றார். பெரிய விருப்பங்கள் எதுவும் இல்லாத அந்த மனிதருக்கு இது ஒன்றுதான் இருந்தது.

தெருவில் ஒரு ரயில்வே குமாஸ்தா குறும்பாகக் கேட்பார்: "பட்டாளத்தையே கலைச்சுப்புட்டாங்களே பட்டாளத்தாரே, இன்னும் எதுக்குப் பித்தளையைப் போட்டுத் தேய்க்கிறீக?"

"கலைச்சது ஆளைத்தான் மாப்ள. ஆனையை யாரு கலைச்சா?" என்பார் அவர், கை நிற்காமல்.

நான் பழம்பாடல்கள் படிப்பவள் என்று அவருக்குத் தெரியும். வேந்தர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளப் பூ இருந்ததையும், பாண்டியனின் வீரர்கள் வேம்பு சூடிப் போருக்குப் போனதையும், ஆநிரை கவரப் போகும்போது ஒரு பூ, மீட்கப் போகும்போது வேறொரு பூ என்று வினைக்கு ஏற்பச் சூடும் பூவும் மாறியதையும் ஒரு மாலையில் சொன்னேன். துலக்கிக்கொண்டிருந்த வில்லையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். தலையில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தே வந்தவன் யார், எதற்கு வருகிறான் என்று அறிந்துகொண்டார்கள் என்பது அவருக்கு அளவற்ற மகிழ்ச்சியைத் தந்தது. "வெள்ளைக்காரன் வந்துதான் இதெல்லாம் சொல்லிக் குடுத்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். மறுநாள் தெருவில் எல்லோரிடமும் அதைச் சொன்னார். பாண்டியன் தொப்பி அணிந்ததாகவும் சேர்த்துச் சொன்னார் என்று பின்னர் தெரிந்தது.

மறுபடியும் உலகப் போர் வந்தது. ஆள் போதவில்லை. கலைத்துவிட்ட படைகளின் நினைவு அரசாங்கத்துக்குத் திரும்பியது. தென்னாட்டவர்களுக்கென்று மீண்டும் படை திரட்டுகிறார்கள், அதன் சின்னமும் யானைதான் என்று என் கணவர் செய்தி கொண்டுவந்தார். பட்டாளத்தார் உடனே, "எங்கிட்டுப் பாக்குது?" என்று கேட்டார். கணவருக்குத் தெரியவில்லை. பட்டாளத்தாரே ஆள் எடுக்கும் இடம்வரை நடந்துபோய், புதிய தொப்பியை அணிந்த ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்துவிட்டு வெயிலில் திரும்பி வந்தார். "சரியாத்தான் பாக்குது" என்றார். மதினி என்னைத் தனியே அழைத்து, "பேரன் பொறந்தன்னைக்குக்கூட இந்த மனுசன் மூஞ்சி இப்படி இருந்து நான் பாக்கல" என்றார்.

ஊரைச் சுற்றியிருந்த சிற்றூர்களிலிருந்து சேர்ந்தவர்கள் ஓர் அணியாகப் புறப்பட இருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் வழியனுப்பு விழாவுக்கு ஒரு குழு அமைத்தார்கள். நூல் வியாபாரத்தில் பெயர்பெற்று, அரசாங்கத்தின் ராவ் சாகிப் பட்டமும் வாங்கிய ஒருவர் அதன் தலைவர். மதுரையின் பரிசாகப் பித்தளைக் கேடயம் ஒன்றை ரயில் நிலையத்தில் கொடுப்பது என்றும், பழைய யானைப்படைக்காரர் என்ற முறையில் அதைப் பட்டாளத்தார் கையாலேயே கொடுப்பது என்றும் முடிவாயிற்று. கலெக்டரும் படை அதிகாரியும் வருவதாக ஏற்பாடு. அவர் எதிர்பார்ப்பதையே நிறுத்திவிட்டிருந்த நாள் அது.

கேடயம் செய்யும் வேலை ஊரில் பெயர்போன கன்னார் ஒருவரிடம் போயிற்று; கோயில் விளக்குகளும் வாகனக் கவசங்களும் செய்யும் பரம்பரை. முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் பித்தளையை ஊற்றுவார்கள். மெழுகு உருவம் தயாரானதும் பார்க்கச் சொல்லி அழைப்பு வந்தது. கோயிலுக்குப் புறப்பட்ட நானும் மதினியும் அவரோடு சேர்ந்தே போனோம்.

யானை உயிரோடு நிற்பதுபோல் இருந்தது. சுற்றிலும் அவர் கேட்டபடியே வேப்பங்கொழுந்துகள். முகம் சரியான பக்கம் பார்த்தது. மேலே முடியும் சரி. பார்வை கீழே இறங்கியதும் அவர் முகம் மாறியது. யானையின் பின்னங்காலில் சங்கிலி இருந்தது. கண்ணி கண்ணியாக, அழகாக, தரையில் அடித்த முளைவரை.

"ஆசாரியாரே, கால்ல என்னத்தைக் கட்டியிருக்கீக?"

"ஆனைன்னா சங்கிலி உண்டுமே" என்றார் கன்னார், கேள்வியே புரியாமல்.

"கட்டிப்போட்ட ஆனையைத் தொப்பியில வச்சுக்கிட்டு எவன்யா சண்டைக்குப் போவான்?"

கன்னார் அறியாமையால் அதைச் செய்யவில்லை. அவருடைய குடும்பத்தில் எவரும் சங்கிலி இல்லாத யானையைச் செய்ததில்லை. சங்கிலி இல்லாத யானை மதம் பிடித்த யானை. அதை வார்த்து ஒருவருக்குப் பரிசாகக் கொடுத்தால் வாங்குபவருக்கு ஆகாது. அதுவும் உயிரைப் பணயம் வைத்துப் போகிற இளைஞர்களுக்கு. அந்தப் பழி எனக்கு வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள் என்று கருவிகளை ஒதுக்கிவைத்துவிட்டார். பட்டாளத்தாரும் இறங்கிவரவில்லை. இருவரும் தத்தம் யானைக்காக மாறி மாறிப் பேசினார்கள். இருவர் சொல்வதும் நியாயமாகவே எனக்குப் பட்டது.

அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற மதினிதான் பொறுமை இழந்தார். "நடை சாத்திருவாக. சங்கிலியும் இருக்கட்டும், கட்டும் இருக்க வேணாம். அத்துக்கிட்டுப் போற ஆனையாச் செஞ்சிருங்க, முடிஞ்சுச்சு" என்றார்.

கன்னார் ஒதுக்கிவைத்த கருவிகளை மறுபடி அருகில் இழுத்துக்கொண்டார். பிறகு சூடேற்றிய கம்பியால் நடுக்கண்ணி ஒன்றைத் திறந்தார். ஒரு துண்டு காலோடு தொங்கியது. மறு துண்டு முளையோடு தரையில் கிடந்தது. அந்த ஒரு மாற்றத்தில் யானை நின்றுகொண்டிருந்த யானையாக இல்லாமல் புறப்பட்ட யானையாக ஆகிவிட்டது. பட்டாளத்தார் கன்னாரைக் கும்பிட்டார். அவர் யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

வார்த்து முடிந்த கேடயத்தைப் பார்த்த ராவ் சாகிப்புக்கு வியர்த்துவிட்டது. நேரே எங்கள் சந்துக்கு வந்தார். ஊர் இருக்கும் நிலையில், தெருத்தெருவாக விடுதலைக் கோஷமும் கைதும் நடந்துகொண்டிருக்கையில், அறுந்த சங்கிலியைக் கலெக்டர் முன்னால் நீட்டினால் தம்மை என்னவென்று நினைப்பார்கள் என்றார். கன்னார் மறுபடி கைவைக்க மறுத்துவிட்டாராம்; பட்டாளத்தார் சொன்னால் கேட்பார்.

"சங்கிலியை ஒட்டவைக்கச் சொல்லுங்க பட்டாளத்தாரே. இல்லேன்னா நீங்க மேடைக்கு வரவேண்டாம், நானே குடுத்துக்கிறேன். பென்ஷன் வாங்குற ஆளு நீங்க. யோசிச்சுக்கங்க."

அவர் யோசித்தார். அவர் கண்முன் அப்போது எது நின்றது என்பது எனக்குத் தெரியும். உறையிலிட்ட கொடி தெரிந்திருக்கும். அதன் பிறகு காத்திருந்த ஆண்டுகள் தெரிந்திருக்கும். மெல்லத் திரும்பி மதினியைப் பார்த்தார். மதினி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னையப் பாக்காதீக. அத்துவிடச் சொன்னவ நானு. ஒட்டவைக்கச் சொல்லி என் வாயில வராது" என்றார்.

பட்டாளத்தார் ராவ் சாகிப்பிடம் தணிந்த குரலில், "நீங்களே குடுங்கய்யா. ஆனை இப்படியேதான் போகும்" என்றார்.

விழா நாளில் ரயில் நிலையம் கொள்ளாத கூட்டம். மேடையில் கலெக்டர், படை அதிகாரி, ராவ் சாகிப். பேச்சுகளை மொழிபெயர்க்க என் கணவர். கேடயத்துக்கு ஒரு பெரிய செவ்வந்தி மாலையைச் சாற்றியிருந்தார்கள். யானையின் கால்களும் அவற்றுக்குக் கீழே உள்ளவையும் பூவுக்குள் மறைந்திருந்தன. கூட்டத்தில் பெண்களின் வரிசைக்குச் சற்று முன்னால், பழைய தொப்பியை அணிந்து பட்டாளத்தார் நின்றார். அந்த அணியின் சார்பில் கேடயத்தை வாங்க நாயக் பதவியிலிருந்த உசிலம்பட்டிப் பக்கத்து இளைஞர் ஒருவர் முன்வந்தார். ராவ் சாகிப் நீட்டிய கேடயம் யானையின் கழுத்து வரை பூவாக இருந்ததால் அவரால் அதைப் பற்ற முடியவில்லை; இயல்பாக மாலையைக் கழற்றிப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார்.

அதிகாரி கேடயத்தைக் குனிந்து பார்த்தார். சங்கிலியில் அவர் பார்வை நின்றது. இது என்ன என்று கேட்டார். ராவ் சாகிப் அவசரமாக, செய்தவனுடைய தவறு, பற்றவைத்துப் பின்னால் அனுப்பிவிடுகிறோம், அந்தக் கன்னாரைச் சும்மா விடமாட்டோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

பட்டாளத்தாருக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குக் கீழே போய் விறைத்து நின்றார். "நோ மிஸ்டேக், சார். மை ஆர்டர்" என்றார்.

என் அருகில் நின்ற மதினி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கு என்ன பொருள் என்று அதிகாரி கேட்டார். பட்டாளத்தார் என் கணவரின் பக்கம் திரும்பினார். ஆனால் பேசியது வரிசையில் நின்ற வீரர்களுக்கெல்லாம் கேட்கும்படியாக.

"தொரைகிட்டச் சொல்லுங்க வாத்தியாரே. கட்டிப்போட்ட ஆனை கோயில்ல நிக்கும். சண்டைக்குப் போறது தானா அத்துக்கிட்டுப் போகும். இந்தப் பயலுகளை யாரும் இழுத்துக்கிட்டுப் போகல. இவங்களாப் போறாங்க. அதைத்தான் ஆசாரி செஞ்சிருக்காரு. பிழைன்னா என்னோட பிழை, அவரை ஒண்ணும் கேக்காதீக."

என் கணவர் ஒரு சொல்லையும் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். அதற்குள் வரிசையில் நின்றவர்களிடமிருந்து ஒரு முழக்கம் எழுந்து நிலையத்தின் தகரக் கூரையில் மோதியது. அதிகாரி அது அடங்கும்வரை காத்திருந்தார். பட்டாளத்தாரின் தொப்பியில் இருந்த பழைய யானையையும் வீரர்களின் தொப்பிகளில் இருந்த புதிய யானையையும் மாறி மாறிப் பார்த்தார். கலெக்டரிடம் குனிந்து ஏதோ சொன்னார், கலெக்டர் தலையசைத்தார். பிறகு நாயக்கின் கையிலிருந்து கேடயத்தை வாங்கிப் பட்டாளத்தாரின் கையில் வைத்து, இதைக் கொடுக்க வேண்டியவர் நீங்கள் என்றார்.

நாயக் மறுபடி இரண்டு கைகளையும் நீட்டினார். இருபது வயதைக் கடந்து அதிக நாள் ஆகியிராத முகம். முழக்கமிட்டபோது வந்த சிரிப்பு இன்னும் அதில் இருந்தது. பட்டாளத்தார் உடனே கொடுத்துவிடவில்லை. "நல்லாப் பிடிச்சுக்கய்யா. கனமா இருக்கும்" என்றார். ஏற்கெனவே ஒருமுறை தூக்கியதுதானே என்பதுபோல் நாயக் மேலும் சிரித்தார். பட்டாளத்தார் தம் கைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். முழு எடையும் தன் கைக்கு வந்தபோது நாயக்கின் சிரிப்பு நின்றது. தோள்கள் நிமிர்ந்தன.

மதினி என் மணிக்கட்டை விட்டார். "குடுத்துட்டாரு" என்றார்.